வெறும் படிகத்தில் தெரிந்த சாயம்

டாக்டர் சிவராஜுக்கு ஒன்றின் மேல் ஆசை வந்துவிட்டால் கண் மிகவும் கூர்மையாகிவிடும். அந்தத் திங்கட்கிழமை காலையும் அப்படித்தான் ஆனது. திரையில் தெரிந்த நீல வலைக்குள் பேனாவை நீட்டி, "இந்தா பாருங்க அம்முணி, ஒரு வளையம். பக்கத்துல இன்னொரு வளையம். நடுவுல பாலம். சாயம் சிம்மாசனத்துல உக்காந்த மாதிரி உக்காந்திருக்குது" என்றார்.

தமிழ்மதி பார்த்தாள். தலையை வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தாள். இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தாள். டப்பாவின் அடியில் கிடக்கும் உடைந்த முறுக்கு போல ஏதோ ஒன்று தெரிந்தது.

"தெரியுதுங்களா?"

"கொஞ்சம் மங்கலா இருக்குதுங்க சார்."

"மங்கலா?" சிவராஜ் மவுஸின் சக்கரத்தை உருட்டினார். வலை பொம்மென்று உப்பியது. "இப்ப?"

இப்போது அதில் சாயம் மட்டுமல்ல, தேடினால் யானைகூடக் கிடைக்கும் போலிருந்தது. தமிழ்மதி அதைச் சொல்லவில்லை. "பார்க்கறனுங்க சார்" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

திருப்பூரில் சாயப்பட்டறைக்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் அது. மாடியில் இருந்த இரண்டு அறைகள்தான் ஆராய்ச்சி மையம். சிவராஜ் தலைவர். குண்டடத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்துபோகும் தமிழ்மதி, எக்ஸ்ரே படங்களைக் கணினியில் ஆராய்பவள். படிகம் வளர்ப்பது ஜெயசுதாவின் வேலை. அவள் அப்பாவின் தலைமுறைவரை தறி ஓட்டிய குடும்பம். வாய்க்கும் சிரிப்புக்கும் குறைவில்லாதவள்.

கீழே தொட்டியில் தேங்கும் சாயச் சேற்றில் ஒரு பாக்டீரியா கிடைத்திருந்தது. அதனுள் இருக்கும் ஒரு நொதி, சிவப்புச் சாயத்தை வெட்டி நிறமில்லாமல் ஆக்கியது. எப்படிப் பிடிக்கிறது, எங்கே வைத்து வெட்டுகிறது என்று தெரிந்துகொண்டால் அதை இன்னும் வேகமாக வேலை செய்ய வைக்கலாம். அதற்காக ஜெயசுதா அந்த நொதியை உப்புக்கல்லைவிடச் சிறிய படிகங்களாக வளர்த்து, சிலவற்றைச் சாயத்தில் ஊற வைத்து, உறையவைத்து, வடக்கே இருக்கும் பெரிய எக்ஸ்ரே நிலையத்துக்கு அனுப்புவாள். அங்கிருந்து தரவு வரும். நொதிக்குள் எந்தெந்த இடத்தில் எலெக்ட்ரான் அடர்ந்திருக்கிறது என்று மென்பொருள் கணக்கிட்டு, கொசுவலை போல நீல வலையாக வரைந்து காட்டும். அந்த வலைக்குத்தான் மேப் என்று பெயர்.

சிக்கல் என்னவென்றால், ஒரு படிகத்தில் கோடிக்கணக்கான நொதிகள் இருக்கும். அதில் ஐந்தில் ஒன்றுதான் சாயத்தைப் பிடித்திருக்கும். நாலு பேர் வெறும் வாயோடும் ஒருவர் வாயில் மிட்டாயோடும் நின்று, ஐந்து முகத்தையும் ஒரே முகமாகக் கலந்து படம் எடுத்தால் மிட்டாய் எவ்வளவு தெரியும்? அவ்வளவுதான் சாயமும் தெரியும்.

இதற்கு ஒரு வழி இருந்தது. சாயம் படாத வெறும் படிகங்கள் பலவற்றின் மேப்புகளை ஒன்றாகச் சேர்த்துச் சராசரி எடுத்தால், வெறும் நொதி எப்படி இருக்கும் என்று துல்லியமாகத் தெரிந்துவிடும். ஊறிய படிகத்தின் மேப்பிலிருந்து அதைக் கழித்துவிட்டால் மிச்சம் நிற்பது சாயம் மட்டும்தான். அவர்களிடம் வெறும் படிகங்கள் நாற்பத்தொன்றும் ஊறியவை இருபத்து மூன்றும் இருந்தன. போன வாரமே தமிழ்மதி எல்லாவற்றையும் மென்பொருளில் போட்டுச் சேர்த்துப் பார்த்தாள். கூழ் வந்தது. எது நொதி, எது தண்ணீர் என்றே புரியாத கூழ்.

"கூழைக் கரைச்சுட்டிருக்க நேரமில்லீங்க அம்முணி" என்றார் சிவராஜ். "வியாழக்கிழமை கூட்டம். பட்டறைக்காரங்க எல்லாரும் வர்றாங்க. ஒத்தை மேப்பே எனக்குப் போதும். டீ ஷர்ட்டுக்குக் குடுத்தாச்சு."

ஆமாம், டீ ஷர்ட். வேறு ஊராக இருந்தால் போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். இது திருப்பூர். நீல வலை, அதற்குள் சிவப்புச் சாய மூலக்கூறு, கீழே 'பிடித்துவிட்டோம்' என்ற எழுத்து. முந்நூறு பீஸ்.

மதியம் மொட்டை மாடியில் சாப்பிட உட்கார்ந்தபோது தமிழ்மதி பொருமித் தீர்த்தாள். அன்று கிருத்திகை. விரதத்தில் இருந்த ஜெயசுதா வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏம்புள்ள, அவருக்கு வெறும் படிகத்தோட மேப்பைக் குடுத்தா என்ன சொல்லுவாரு?"

"சாயம் இல்லைன்னு சொல்லுவாரு."

"சொல்லுவாருங்கறியா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ விரதம். பொய் சொல்லக் கூடாது" என்றாள் தமிழ்மதி.

"பொய்யே சொல்லப் போறதில்லையே. ஒரு ஃபைலுக்குப் பேரை மாத்தி வெக்கப் போறோம். அது பொய்ல சேராது."

பதினேழாம் எண் வெறும் படிகத்தின் மேப்புக்கு, ஊறிய ஒன்பதாம் எண் படிகத்தின் பெயர் சூட்டப்பட்டது. இரண்டரை மணிக்கு அதைத் திரையில் திறந்து வைத்துவிட்டு, "இன்னொண்ணும் பார்த்துட்டீங்கன்னா நல்லதுங்க சார்" என்று தமிழ்மதி பணிவாகச் சொன்னாள்.

சிவராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூக்கு திரையில் படும்படி குனிந்தார். பிறகு தொடையில் தட்டினார்.

"அட்றா சக்கை! காலைல பார்த்ததைவிட இது எவ்வளவோ மேலுங்க. இந்தா முதல் வளையம். இந்தா பாலம். அட, கந்தகம்கூடத் தெரியுதே! சாயத்தோட வால்ல இருக்கற கந்தகம் தெரியுதுங்களா ஜெயசுதா?"

"அப்படிங்களா சார்" என்று சொல்வதற்குள் ஜெயசுதாவுக்கு இருமல் வந்துவிட்டது. துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு வெளியே ஓடினாள். தமிழ்மதியும் "தண்ணி எடுத்துட்டு வர்றனுங்க சார்" என்று பின்னாலேயே போனாள். வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு இருவரும் கண்ணீர் வரச் சிரித்தார்கள். கீழே தொட்டி காவல்காரர் அண்ணாந்து பார்த்து, "என்னாச்சுங்க?" என்று கேட்டார்.

சிரிப்பு அடங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று உள்ளே போனால் சிவராஜ் டீ ஷர்ட்டுக்குப் பிரிண்ட் போடுபவரோடு போனில் இருந்தார்.

"ஆமாங்க சாமியப்பன், பழைய படத்தைத் தூக்கிப் போட்டுருங்க. இப்ப அனுப்பியிருக்கனே, அதுதான். நாளைக்கே பிரிண்ட் ஏத்திருங்க."

தமிழ்மதி அவர் முன்னால் ஓடிப்போய் நின்றாள். "சார், ஒரு நிமிஷம்…"

"அம்முணி, கொமரலிங்கத்துல என்ற மச்சினன் ஊட்டுல நாளைக்குப் புதுமனை விசேஷம். பஸ்ஸுக்கு நேரமாச்சு. நாளன்னிக்குக் காலைல பேசிக்கலாம்." பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

சாயமே படாத வெறும் படிகம், 'பிடித்துவிட்டோம்' என்ற எழுத்தோடு, முந்நூறு நெஞ்சுகளில் ஏறப்போகிறது. மாலையில் மூன்று முறை போன் போட்டாள். மூன்றாவது முறை எடுத்தார். பின்னால் நாதஸ்வரமும் ஒலிபெருக்கியும் போட்டி போட்டன.

"சார், அந்த மேப்பு தப்புங்க சார்!"

"சூப்பரா? எனக்குத் தெரியுமுங்க அம்முணி!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

செவ்வாய் காலை முதல் வேலையாகத் தமிழ்மதி சாமியப்பனின் பிரிண்டிங் யூனிட்டுக்கு வண்டியை விட்டாள். தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. நீள மேசைகள் மேல் வெள்ளை டீ ஷர்ட்டுகள் வரிசையாக மல்லாந்து கிடந்தன. சாமியப்பன் விரலெல்லாம் நீலமாக நின்றுகொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். பாதி கொங்குத் தமிழ், பாதி அவரே கண்டுபிடித்த இந்தி.

"ரோக்கோ பையா, ரோக்கோ! கலர் மேல கலர் எங்கெய்யா உக்காந்திருக்குது? ஏ லால் கிதர் ஜாத்தா? சிவப்பு எங்கெ போகுது?"

முதல் சாம்பிளை அவளிடம் தூக்கிக் காட்டினார். நீல வலை நெஞ்சின் நடுவில் இருந்தது. அதற்குள் இருக்க வேண்டிய சிவப்பு மூலக்கூறு அரைச் சாண் தள்ளி அக்குள் பக்கம் போய்விட்டது. இரண்டும் சேர்ந்து பார்க்க ஏதோ சிந்திய குழம்பு போல இருந்தது.

"அறுபது பீஸ் நீலம் போட்டாச்சுங்க மேடம். சிவப்பு பிரிண்ட் ஏத்தற ஸ்கிரீனைப் போட்டா இப்படி வருது. என்னன்னு பார்த்தா, ரெண்டு பேர் ரெண்டு ஸ்கிரீனை மாட்டியிருக்காங்க. ஒருத்தர் கழுத்துல இருந்து அளந்திருக்காரு, இன்னொருத்தர் சட்டைக்கைத் தையல்ல இருந்து அளந்திருக்காரு. தனித்தனியாப் பார்த்தா ரெண்டு பேருமே சரிதானுங்க. ரெண்டையும் சேர்த்தாத்தான் தப்பு."

தமிழ்மதி சாம்பிளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மேடம்? ஏனுங்க, உடம்புக்குச் சரியில்லீங்களா?"

"ரெண்டு பேரும் சரி" என்றாள் அவள். "சேர்த்தாத்தான் தப்பு."

போன வாரத்துக் கூழ் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு அப்போது புரிந்தது. அறுபத்து நாலு படிகங்களின் கணக்கையும் அவளே போடவில்லை. பாதி அவள், பாதி ஜெயசுதா. ஆளுக்கொரு கணினியில், ஆளுக்கொரு தொடக்கத்திலிருந்து.

"அண்ணா, இந்த பிரிண்டை நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் நிறுத்தி வெக்க முடியுமுங்களா? படம் மாறும். சார்கிட்ட நானே சொல்லிக்கறேன். அதுக்குள்ள அவரு கேட்டா மட்டும்…"

சாமியப்பன் முகம் மலர்ந்தது. "அவ்வளவுதானுங்களா? என்ன காரணம் சொல்லட்டும்? கரண்ட் இல்லை, பிரிண்ட் போடற பேஸ்ட் வரலை, மிசின் ரிப்பேர், ஆளுங்க ஊருக்குப் போயிட்டாங்க. எது வேணுமோ எடுத்துக்குங்க."

"கரண்ட் இல்லைன்னு சொல்லிருங்க."

"அது போன வாரமே சார்கிட்டச் சொல்லிட்டனுங்களே."

"அப்ப பேஸ்ட்."

"பேஸ்ட் நல்ல காரணமுங்க. யாரும் வந்து பார்க்க மாட்டாங்க."

மையத்துக்கு வந்ததும் ஜெயசுதாவைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். படிகம் என்பது பூப்போட்ட போர்வை மாதிரி. ஒரே கட்டம் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். அந்தக் கட்டத்தின் எந்த மூலையைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வது என்பது அவரவர் இஷ்டம். பூவிலிருந்தும் எண்ணலாம், பூவுக்கும் பூவுக்கும் நடுவிலிருந்தும் எண்ணலாம். எது வைத்தாலும் தனித்தனியாக எல்லாம் சரியாகவே வரும்.

"உன்ற பூஜ்யம் எங்கெ இருக்குது, பாரு."

பார்த்தார்கள். ஜெயசுதாவின் முப்பது படிகங்களில் நொதி ஒரு கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. தமிழ்மதியின் முப்பத்து நாலில் அதே நொதி பக்கவாட்டில் சரியாக அரைக் கட்டம் தள்ளி உட்கார்ந்திருந்தது. மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. அதனிடம் கொடுத்ததைக் கொடுத்தபடி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டது.

"அட கருமமே" என்றாள் ஜெயசுதா. "ஒரு வாரமா உன்ற நொதி முதுகு மேல என்ற நொதி வாயை வெச்சுப் பார்த்துட்டிருந்தோமா?"

ஜெயசுதாவின் முப்பது மேப்புகளையும் அரைக் கட்டம் நகர்த்த மென்பொருளிடம் சொன்னார்கள். பிறகு நொதி மேல் நொதி பொருந்தும்படி ஒவ்வொன்றையும் நுணுக்கமாகத் திருப்பி உட்கார வைத்தார்கள். அப்புறம் வெறும் படிகங்கள் நாற்பத்தொன்றையும் சேர்த்துச் சராசரி எடுக்கச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்தபோது திரையில் கூழ் இல்லை. ஒட்டடையைத் துடைத்த ஜன்னல் போல நொதி தெளிவாக நின்றது. ஒவ்வொரு வளைவும், ஓரத்தில் ஒட்டியிருந்த ஒவ்வொரு தண்ணீர்த் துளியும்.

அதைக் கழித்து, ஊறிய இருபத்து மூன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். சாயத்தை வெட்டும் இடமான, நொதியின் வாய் என்று அவர்கள் சொல்லும் குழியை முதலில் பார்த்தாள். ஒன்றுமில்லை. அடுத்ததில் ஒன்றுமில்லை. இருபத்து மூன்றிலும் வாய் சுத்தமாகக் காலியாக இருந்தது. சிவராஜ் திங்கட்கிழமை காலை பார்த்த சிம்மாசனத்தில் யாருமே உட்கார்ந்திருக்கவில்லை.

"படிகம் சிவந்திருந்துச்சே. என்ற கண்ணால பார்த்தேன்" என்றாள் ஜெயசுதா. "அப்ப சாயம் எங்கெதான் போச்சு?"

தமிழ்மதி நொதியை மெல்லத் திருப்பினாள். பின்பக்கம், ஒரு நொதியும் அடுத்த நொதியும் உரசும் இடுக்கில், ஏதோ பளிச்சென்று தெரிந்தது. இரண்டு வளையம். நடுவில் பாலம். வால். தலையைச் சாய்க்க வேண்டியிருக்கவில்லை. மவுஸ் சக்கரத்தை உருட்ட வேண்டியிருக்கவில்லை. ஏழு படிகங்களில் அதே இடத்தில், அதே கோணத்தில்.

"வாய்ல ஊட்டுனா முதுகுல ஏறி உக்காந்திருக்குது பாரு!" ஜெயசுதா கைதட்டினாள்.

தமிழ்மதிக்குச் சந்தோஷத்தில் காது அடைத்தது. உடனே ஒரு பயமும் வந்தது. நேற்று ஒருவர் ஆசைப்பட்டுப் பார்த்ததை நினைத்துச் சிரித்தோமே, இன்று நாம் பார்ப்பது மட்டும் என்ன? ஜெயசுதாவைப் பெயர்களையெல்லாம் மறைத்துவிட்டு ஊறியதும் ஊறாததும் கலந்து தரச் சொன்னாள். அந்த ஏழும் உட்பட இருபது மேப்புகள். ஏழையும் சரியாக எடுத்தாள். ஒன்றுகூட அதிகமில்லை. அப்புறம்தான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

புதன் காலை சிவராஜ் ஜாங்கிரிப் பெட்டியோடு வந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வந்ததெல்லாம் தமிழ்மதிக்கு மறந்துபோனது.

"சார், திங்கக்கிழமை ரெண்டாவதாப் பார்த்தீங்களே, அது ஊறுன படிகம் இல்லீங்க. பதினேழாம் நம்பர். வெறும் படிகம்."

சிவராஜ் கையில் பாதி ஜாங்கிரி நின்றது. "நான் பார்த்த வளையம்?"

"தண்ணிங்க சார். மிச்சம், டிவியில புள்ளி அடிக்கற மாதிரி வெறும் இரைச்சல்."

"பாலம்?"

"தண்ணிங்க."

"கந்தகத்தைப் பார்த்தனேம்மா!"

"அதுவும் தண்ணிதானுங்க சார்."

அவர் ஜாங்கிரியைக் காகிதத்தின் மேல் வைத்தார். "பேரை மாத்துனது யாரு?"

"நான்தானுங்க" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

சிவராஜின் முகம் சிவந்தது. "இருபத்தஞ்சு வருஷ சர்வீஸுங்க எனக்கு" என்று தொடங்கினார். அவர் முடிப்பதற்குள் தமிழ்மதி பேசினாள். "மாத்துனது தப்புதானுங்க சார். வெளையாட்டா செஞ்சுட்டோம். நீங்க போன்ல பேசறப்பவே நான் குறுக்க விழுந்து சொல்லியிருக்கணும். ஆனா இதை மட்டும் பார்த்துட்டுத் திட்டுங்க." ஏழு மேப்புகளையும் திறந்து வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

கதவு சாத்திக்கொண்டது. ஒரு மணி நேரம் உள்ளிருந்து மவுஸ் சக்கரம் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. சக்கரம் மேலே போனது, கீழே வந்தது, மேலே போனது. ஜெயசுதா விரல் நகத்தைக் கடித்தாள். வேறு வேலை தேட வேண்டியதுதான் என்று தமிழ்மதி மனதுக்குள் முடிவே செய்துவிட்டாள்.

கதவு திறந்தது. சிவராஜின் முகத்தில் கோபம் முழுசாக வடியவில்லை. ஆனால் உதட்டோரம் வேறு எதுவோ நெளிந்தது.

"முதுகுலதான் இருக்குது. என்னால மறுக்க முடியலை" என்றார். "சாமியப்பனுக்கு அந்தப் படத்தை அனுப்புங்க. பேஸ்ட் வரலைன்னு புளுகறாரு, வந்துருச்சுன்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க. அப்புறம் அந்தப் பதினேழாம் நம்பரு… அதை அழிச்சுறாதீங்க. பேரு மாத்துனது மாத்துனபடியே இருக்கட்டும். நாளைக்கு எனக்கு வேணும்."

வியாழக்கிழமை கூட்டத்துக்குப் பட்டறைக்காரர்கள் நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். வெள்ளை வேட்டிகள் முதல் வரிசை முழுவதும். விளக்கை அணைத்துவிட்டு சிவராஜ் பதினேழாம் எண்ணைத் திரையில் போட்டார். சாயம் எப்படி இருக்கும் என்று அட்டையில் வரைந்த படத்தையும் தூக்கிக் காட்டினார்.

"ரெண்டு வளையம், நடுவுல பாலம். உங்க பட்டறைச் சாயம்தானுங்க. எங்கெ இருக்குதுன்னு கண்டுபிடிங்க பார்க்கலாம்."

ஒரு நிமிடம் முணுமுணுப்பு. பிறகு ஒருவர் எழுந்து, "இந்தா, மேல ஓரத்துல" என்றார். "மேல இல்லீங்க, நடுவுல. நல்லாத் தெரியுதே" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் திரைக்கே போய் விரலால் வரைந்து காட்டினார். ஒருவர் ஒன்றல்ல, இரண்டு சாயம் இருப்பதாகச் சாதித்தார். பார்வைக்கு எட்டாத கடைசி வரிசையிலிருந்துகூட ஆமோதிப்பு வந்தது. சிவராஜ் ஒவ்வொருவரிடமும், "அப்படிங்களா? உறுதிங்களா?" என்று பரம சாதுவாகக் கேட்டுக்கொண்டே வந்தார். ஜெயசுதாவுக்கு மறுபடியும் இருமல் வந்தது.

"இது சாயமே படாத படிகமுங்க" என்றார் சிவராஜ். "எனக்கும் சாயம் தெரிஞ்சுதுங்க. உங்களைவிட நல்லாவே தெரிஞ்சுது. கந்தகம் வரைக்கும் பார்த்தேன்."

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பி, மண்டபம் முழுக்கப் பரவியது. அது அடங்கும்வரை காத்திருந்து, "இப்ப என்ற டீம் கண்டுபிடிச்சதைப் பாருங்க" என்று தமிழ்மதியை மேடைக்கு அழைத்தார். அவள் சேர்த்த மேப்பைப் போட்டாள். இந்த முறை யாரும் எழுந்து போய் விரலால் காட்ட வேண்டியிருக்கவில்லை.

முதல் வரிசையிலிருந்து கேள்வி வந்தது. "முதுகுல ஒட்டிக்கிட்டா அது எப்படிங்க வெட்டும்?"

"தெரியலீங்க" என்றாள் தமிழ்மதி. "வாய்க்குப் போற வழியில அங்கெ நின்னுட்டுப் போகுதோ, இல்லை அங்கெ ஒட்டி வேலையைக் கெடுக்குதோ. இன்னும் நூறு படிகமாவது பார்க்கணுமுங்க."

டீ ஷர்ட் கொடுக்கும் நேரம் வந்தது. புதிய படம் போட்டவை இருநூற்று நாற்பது. நீல வலை மட்டும் ஏறி நின்றுபோன அந்த அறுபதையும் சிவராஜ் வீணாக்கவில்லை. கீழே ஒரு வரி ஏற்றச் சொல்லியிருந்தார்: 'இதில் சாயம் இல்லை.' வெள்ளைச் சட்டையில் அந்த வரியைப் பார்த்ததும் பட்டறைக்காரர்களுக்கு வந்த ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. எல்லோருக்கும் அதுதான் வேண்டுமாம். சாமியப்பனைச் சுற்றிக் கூட்டம் கூடி, "இன்னும் நூறு போட முடியுமுங்களா?" என்று நெருக்க, அவர் "பேஸ்ட் வரட்டுமுங்க" என்றார்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு தமிழ்மதி வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கூட்டத்திலேயே மூத்தவரான கன்னையன் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. யாரோ மறுபடி போட்டு விளையாடிய பதினேழாம் எண் இன்னும் திரையில் நின்றது.

"கண்ணு, இங்கெ வா" என்று ரகசியமாகக் கூப்பிட்டார். "நீங்க இல்லைன்னு சொல்லிட்டீங்க. நானும் சரின்னுட்டேன். ஆனா எனக்கு இன்னும் தெரியுது. அந்தக் கீழ் ஓரத்துல பாரு."

"அது தண்ணிங்க அய்யா."

"தண்ணியாவே இருக்கட்டும். நீ ஒருக்கா பாரேன்."

தமிழ்மதி அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து, அவர் விரல் காட்டிய திசையில் பார்த்தாள். ஒரு வளையம். பக்கத்தில், சத்தியமாக, இன்னொரு வளையம்.

அவசரமாகப் போய் புரொஜெக்டரை அணைத்தாள்.